தியேட்டர் கதவு சாத்தினால் போதுமா?

2025-இல் பள்ளிபாளையம் விசைத்தறித் தொழிலாளர்களின் சிறுநீரக விற்பனை அம்பலமானதும், பெரம்பலூர், திருச்சி மருத்துவமனைகள் இரண்டின் உறுப்பு மாற்று உரிமத்தை அரசு பறித்தது. மருத்துவமனை மீது நடவடிக்கை ஊரறிய நடக்கிறது. தனி மருத்துவர் விஷயம் அப்படியல்ல. “இனி ஆபரேஷன் தியேட்டர் பக்கம் வர வேண்டாம்” என்று சேலத்தில் ஒருவரை நிறுத்தினால், மறுவாரமே நாமக்கல்லில் அவர் பெயர்ப்பலகை தொங்கலாம். நிறுத்திய காரணம் நிர்வாகத்தின் பீரோவுக்குள் கிடக்கும். அமெரிக்காவில் தொழில்திறன், நடத்தை காரணமாக ஒரு மருத்துவரின் சிகிச்சை உரிமையை 30 நாளுக்கு மேல் முடக்கினால், மருத்துவமனை அரசுப் பதிவகத்துக்குத் தெரிவித்தே ஆக வேண்டும். விசாரணையின் நடுவே ராஜினாமா செய்து நழுவினாலும் தப்ப முடியாது. 1990 முதல் இதுதான் அங்கே நடைமுறை. இங்கும் அப்படி ஒரு நடைமுறை வரட்டும்; மருத்துவரின் விளக்கமும் கூடவே பதிவாகட்டும். பழிவாங்கலுக்கு இடம் கூடாது. ஆனால் தமிழ்நாடு மருத்துவ கவுன்சிலுக்குத் தகவல் போயே தீர வேண்டும். அரசு இதை விதியாக்க வேண்டும்.