நடுகல்லும் முக்காலியும்

நம் தருமபுரி மாவட்டத்தில் வட்டெழுத்துப் பொறித்த நடுகற்கள் பல உள. தருமபுரி அருங்காட்சியகத்திற் காக்கப்படுவன சில. வயல்வெளியில் மழையும் வெயிலும் தேய்க்க நிற்பனவும் உள. அவை தேய்ந்தொழியுமுன் படமெடுத்து வைத்தல் தமிழ் பயில்வார் கடன் என்பேம்.

தேய்ந்த எழுத்து உச்சிவெயிலிற் புலப்படாது. காலை மாலைகளிற் பக்கவாட்டில் விழும் ஒளியே பள்ளங்களில் நிழலூட்டி அதனைக் காட்டும். அவ்வொளியோ குறைவு, காமிராவின் ஷட்டர் சிலபோது அரைநொடியும் திறந்திருத்தல் வேண்டும். எத்துணைத் திண்ணிய கையும் அத்துணைப் பொழுது அசையாதிராது. ஆதலின் முக்காலி இன்றியமையாதது.

விலை மிக்கதே சிறந்தது என்பாரோடு யாம் உடன்படேம். ஒன்றரைக் கிலோ எடையுள்ள அலுமினிய முக்காலி மாணவர்க்குப் போதும். அதன் உயரங்கண்டு மயங்குவானேன்? மண்ணிற் பாதி புதைந்த கல்லுக்குத் தாழ நிற்பதன்றோ வேண்டும்! ஐந்தடுக்காய் மடங்குங் கால் பைக்குள் அடங்குமாயினும், அதன் கடையடுக்குக் குச்சிபோல் மெலிந்து காற்றில் நடுங்கும், மூன்றடுக்கே நன்று. நடுத்தண்டின் அடியிற் கொக்கியுண்டா என நோக்கி வாங்குக. தண்டை உயர்த்தாது, அக்கொக்கியிற் புத்தகப்பையை நிலந்தொடத் தொங்கவிடின், இலேசான முக்காலியும் ஊன்றி நிற்கும். பொத்தானை அமுக்கும் விரலும் படத்தைக் கலைக்குமாதலின், இரண்டு நொடி தாழ்த்து இயங்குமாறு காமிராவை அமைத்துக்கொள்க.

சுண்ணக்கட்டியால் எழுத்தைத் தீட்டிப் படமெடுப்பாரும் உளர். அது கல்லுக்குக் கேடு. தீட்டுவோன் பிழையும் எழுத்தாகிவிடும். இருட்டிய பின்னர்க் கைவிளக்கைக் கல்லின் ஓரத்தே சாய்த்துப் பிடித்துச் சில நொடி ஷட்டரைத் திறந்து வைப்பினும் வேண்டிய நிழல் கிட்டும்.