எண்ணும்மையா? எச்சவும்மையா?

ஆங்கிலத்தில் ‘ஓல்சோ’ என்றொரு சிறு சொல் உண்டு. பள்ளிப் பிள்ளையும் அறிந்த சொல். “அரிசி வாங்கினேன், உப்பும் வாங்கினேன்” என்னுமிடத்து உப்பின் பின்னே நிற்கும் நமது ‘உம்’மே அது. அங்காடியில் அச்சொல்லால் எவருக்கும் கேடில்லை. ஆனால் இலங்கையில் தமிழ் மொழியின் சட்ட நிலை இன்று அந்த ஒரு சொல்லின் மீதே நிற்கின்றது என்றால், அதன் பொருளை ஆராய்வது நமது கடமையாகின்றது.

1987ஆம் ஆண்டின் பதின்மூன்றாம் திருத்தத்துக்குப் பின்னர் அரசியலமைப்பின் 18ஆம் உறுப்புரை கூறுவது யாது? இலங்கையின் அரசகரும மொழி சிங்களம் என்பது முதல் வாக்கியம். அத்துடன் முற்றுப்புள்ளி. தமிழும் ஓர் அரசகரும மொழி என்பது இரண்டாம் வாக்கியம். அந்த ‘உம்’தான் ஆங்கில வாசகத்தில் ‘ஓல்சோ’.

நன்னூல் கற்றோர் உம்மைக்கு எட்டுப் பொருள் உண்டென்பதை அறிவர். அவற்றுள் இரண்டே இங்கு நமக்கு வேண்டுவன. “அண்ணனும் தம்பியும் வந்தனர்” என்பதில் உள்ளது எண்ணும்மை. இருவருக்கும் உம்மை உண்டு. இருவரும் ஒரே வரிசையில் நிற்கின்றனர். “தம்பியும் வந்தான்” என்பதில் உள்ளது எச்சவும்மை. முன்னரே ஒருவன் வந்து அமர்ந்துவிட்டான். அவன் வரவைத் தழுவியே தம்பியின் வரவு சொல்லப்படுகின்றது. நமது மொழிக்கு அளிக்கப்பட்டது எண்ணும்மையன்று, எச்சவும்மையே!

கமக்காரர்களுக்கு இது எளிதில் விளங்கும். முதுசக் காணியை இரு மைந்தருக்கும் சமமாகக் கொடுக்க விரும்பும் தந்தை நொத்தாரிசிடம் எவ்வாறு உறுதி எழுதுவிப்பார்? “மூத்தவனுக்கும் இளையவனுக்கும் சம பங்கு” என்றே எழுதுவிப்பார். “இக்காணியின் உரிமைக்காரன் மூத்தவன்” என்று ஒரு வரியை முடித்து, “இளையவனும் ஓர் உரிமைக்காரன்” என்று மறுவரி சேர்ப்பாராயின், அவ்வுறுதியைக் கையில் வாங்கும் இளையவன் நிம்மதியாக உறங்குவானா?

“இது சட்டத்தரணிகளின் சொற்சிலம்பம்; இரண்டும் ஒன்றே” என்று சிலர் கூறக்கூடும். அவர்களுக்கு நாம் அதே அத்தியாயத்தின் அடுத்த உறுப்புரையைக் காட்டுகின்றோம். இலங்கையின் தேசிய மொழிகள் சிங்களமும் தமிழும் என்று 19ஆம் உறுப்புரை இரண்டையும் ஒரே வாக்கியத்தில் இணைத்துக் கூறுகின்றது. ஆகவே, இணைத்து எழுதும் முறை சட்டம் வரைந்தோருக்குத் தெரியாததன்று. ஒரே ஆவணத்தில் ஓரிடத்தில் ஒரு சொல்லும் மற்றோரிடத்தில் வேறொரு சொல்லும் ஆளப்பட்டால், பொருளும் வேறென்றே கொள்ளவேண்டும் என்பது சட்டப் பொருள்கோளின் பாலபாடம்.

வரலாறும் இதற்குச் சான்று. 1944இல் சிங்களத்தை அரசகரும மொழியாக்கும் தீர்மானத்தை அரசாங்க சபையில் கொணர்ந்தவர் ஜே. ஆர். ஜயவர்த்தன. வி. நல்லையா அவர்களின் திருத்தத்தால் தமிழும் சேர்க்கப்பட்டு, இரு மொழிகளையும் ஏற்றே அத்தீர்மானம் நிறைவேறியது. அன்று நாம் பெற்றது எண்ணும்மை. 1956இன் 33ஆம் இலக்கச் சட்டம் சிங்களமே ஒரே அரசகரும மொழி என்று அதனை வெட்டி எறிந்தது. 1958இன் சட்டம் தமிழுக்கு ‘நியாயமான உபயோகம்’ என்ற பிச்சையை இட்டது. 1987இல் ‘ஓல்சோ’ வந்தபோது சனாதிபதியாக இருந்தவரும் அதே ஜயவர்த்தனதான். நாற்பத்து மூன்று ஆண்டுகள் சென்றும் புறப்பட்ட இடத்துக்கேனும் நாம் திரும்பவில்லை!

எச்சவும்மையின் விளைவைக் காண நாடாளுமன்றம் இயற்றும் சட்டங்களின் ஈற்றுப் பிரிவைப் புரட்டினாற் போதும். சிங்கள உரைக்கும் தமிழ் உரைக்கும் இடையே முரண்பாடு நேருமாயின் சிங்கள உரையே மேலோங்கும் என்று அங்கே எழுதப்பட்டிருக்கும். அண்மையில் வயற்காணி பற்றிய கடிதம் ஒன்றுடன் ஒரு முதிய கமக்காரர் எம்மிடம் வந்தார். கடிதம் முழுவதும் சிங்களம். வாசித்துச் சொல்ல ஆள் தேடி அவர் அலைந்து முடிந்தபோது, ஆட்சேபம் தெரிவிக்கவேண்டிய நாள் கடந்துவிட்டது. “தமிழும் அரசகரும மொழிதானே, ஐயா?” என்று கேட்டார். “ஆம், தமிழும்தான்” என்றோம். அந்த ‘உம்’மின் பொருள் அன்று அவருக்கும் விளங்கிற்று.

பிற நாடுகளில் இது இயலாத காரியமாக இருக்கவில்லை. தமிழர் சிறுதொகையினராக வாழும் சிங்கப்பூர், மலாயைத் தேசிய மொழியாகக் கொண்டபோதிலும், மலாய், மண்டரின், தமிழ், ஆங்கிலம் ஆகிய நான்கையும் ஒரே வாக்கியத்தில் அரசகரும மொழிகளாக்கியது. கனடாவின் 1982ஆம் ஆண்டு அரசியலமைப்புச் சட்டம் ஆங்கிலத்தையும் பிரெஞ்சையும் சம அந்தஸ்துடன் ஒருங்கே வைத்தது. அதனால் அந்நாடுகள் சிதைந்துவிடவில்லை.

சிங்கள மக்கள் தம் மொழியைப் போற்றுவதை நாம் குறைகூறவில்லை. அவர்கள் மொழியிலிருந்து ஓர் எழுத்தையேனும் நாம் பறிக்கக் கேட்கவில்லை. நாம் கேட்பது ஒரே வாக்கியம்: “சிங்களமும் தமிழும் இலங்கையின் அரசகரும மொழிகளாகும்.” இரண்டும் ஒன்றே என்று வாதிடுவோர் இம்மாற்றத்துக்கு அஞ்சுவானேன்?

அம்மாற்றம் வரும்வரை கையில் உள்ளதைக் கைவிடலாகாது. 1988ஆம் ஆண்டின் பதினாறாம் திருத்தம் வடக்கிலும் கிழக்கிலும் தமிழை நிருவாக மொழியாக்கியது. ஏனைய மாகாணங்களிலும் அரச அலுவலரோடு தமிழில் அலுவல் ஆற்றும் உரிமையைத் தந்தது. வாசிக்க இயலாத தாளில் கையொப்பம் இடாதீர்கள். தமிழில் எழுதுங்கள், தமிழில் மறுமொழி கேளுங்கள். மொழியுரிமை மீறப்பட்டால் 126ஆம் உறுப்புரையின் கீழ் ஒரு மாதத்துக்குள் உயர் நீதிமன்றத்தை நாடலாம். கற்றவர்களே, அவ்வழக்குகளை எடுத்துப் பேச முன்வாருங்கள். பயன்படுத்தாத உரிமை உழாத வயலை ஒக்கும். அதில் களை மண்டும், பின்னர் அயலான் வேலி நகரும்.