இணையத்தில் சம்பாதிப்போருக்கு வரி வழிகாட்டுங்கள்



தோல் தொழிலுக்குப் பேர்போன ராணிப்பேட்டை, ஆம்பூர் வட்டாரத்தில் காலணி வடிவங்களை வீட்டிலேயே கணினியில் வரைந்து வெளிநாட்டு நிறுவனங்களுக்கு அனுப்பும் இளைஞர்கள் இருக்கிறார்கள். டாலரோ யூரோவோ வந்ததும், எதற்கான பணம் என்று வங்கியில் 'பர்ப்பஸ் கோடு' கேட்கிறார்கள். குழப்பம் அங்கேயே தொடங்கிவிடுகிறது.

வெளிநாட்டுப் பணத்துக்கு இங்கே வரியில்லை என்று நம்புவோர் உண்டு. அது தவறு. ஊரிலேயே நிலையாக வசிப்பவர் உலகில் எங்கிருந்து வந்த வருமானத்துக்கும் கணக்குக் காட்ட வேண்டும். துபாயிலிருந்து திரும்பி, வாலாஜாபேட்டை வீட்டில் உட்கார்ந்து வேலை செய்தாலும் வரி உண்டு. அயல்நாட்டில் ஏற்கெனவே வரி பிடித்திருந்தால், உரிய சான்றைக் காட்டி இங்கே கழித்துக்கொள்ளலாம்.

ஆண்டு வரவு 20 லட்சம் ரூபாயைத் தாண்டினால் ஜிஎஸ்டி பதிவு தேவை. ஆனால் சேவை ஏற்றுமதிக்கு வரி விகிதம் பூஜ்யம். உறுதிமொழிக் கடிதம் கொடுத்தால் வரி கட்டாமலே பில் போடலாம். இது பலருக்குத் தெரியாது.

பொறியாளர், மருத்துவர் போன்றோர் வரவில் பாதியை லாபமாகக் காட்டி வரி கட்டும் எளிய முறை இருக்கிறது. காலணி வடிவமைப்பாளரும் அதில் சேர்வாரா என்பதற்கு ஆளுக்கொரு பதில் சொல்கிறார்கள்.

2019-ல் தனி மாவட்டமான ராணிப்பேட்டையில், வருமான வரித்துறையும் மாவட்ட நிர்வாகமும் சேர்ந்து ஆண்டுதோறும் தமிழில் விளக்க முகாம் நடத்த வேண்டும். நேர்மையாக வரி கட்ட நினைப்பவரை அறியாமையால் அபராதத்துக்கு ஆளாக்கக் கூடாது.

— ஒரு வாசகர், வாலாஜாபேட்டை