பட்டாளத்தில் செத்தவன் பெயர் என்ன?

தமிழ்நாட்டில் பல ஊர்களில், நின்று படிப்பாரில்லாமல் ஒரு சிறு கல் பதித்திருப்பதைக் காணலாம். முதல் உலக யுத்தம் முடிந்த பிறகு வெள்ளைக்கார சர்க்கார் வைத்த கல் அது. 1914 முதல் 1919 வரை நடந்த பெரிய யுத்தத்துக்கு இந்த ஊரிலிருந்து இத்தனை பேர் போனார்கள், அவர்களில் இத்தனை பேர் உயிர்விட்டார்கள் என்று அதில் வெட்டியிருக்கும். அவ்வளவுதான். போனவன் பெயரும் இல்லை. செத்தவன் பெயரும் இல்லை. பட்டிக்குள் ஆடு அடைக்கிறவன் தலையை எண்ணுவதுபோல் ஓர் எண்ணிக்கை மட்டுமே இருக்கும்.

செத்து நூறு வருஷமான மனிதனைப் பற்றி இப்போது எழுத என்ன அவசியம் வந்தது என்று சிலர் கேட்கலாம். மனிதனை மனிதனாக மதிப்பது, மதிக்காதது என்னும் சங்கதி இதில் அடங்கியிருப்பதால்தான் எழுதுகிறோம்.

பட்டாளத்துக்குப் போனவன் யார்? சேலம், நாமக்கல் பக்கத்து மேட்டு நிலத்தை அறிந்தவர்களுக்கு இதை நாம் விளக்க வேண்டியதில்லை. மழை பெய்தால் சோளமும் கம்பும் உண்டு. பொய்த்தால் கடனும் பட்டினியும் உண்டு. இப்படிப்பட்ட சீமையில் ஒருவன் படையில் சேர்ந்தால், சக்கரவர்த்தியிடம் பக்தி பொங்கிச் சேர்ந்தான் என்று யாராவது சொன்னால் நம்ப முடியுமா? அந்தக் காலத்தில் இந்தியச் சிப்பாயின் மாதச் சம்பளம் 11 ரூபாய். அந்த 11 ரூபாய்க்காகத்தான், பெயரே கேட்டிராத தேசத்தில் பார்த்தே இராத மனிதனைச் சுடவும், அவனால் சுடப்படவும் ஏழை வீட்டுப் பிள்ளை கப்பல் ஏறினான்.

அப்படிப் போனவனுக்கு என்ன மரியாதை கிடைத்தது? வெள்ளைக்காரன் இந்தியரை வீர ஜாதி என்றும் வீரமில்லாத ஜாதி என்றும் இரண்டாகப் பிரித்தான். பிறப்பினால் யோக்கியதை என்னும் வருணாசிரமப் பித்தலாட்டத்தைப் பட்டாளத்துக்குள்ளும் கொண்டுபோனான். தென்னாட்டானைச் சண்டைக்கு லாயக்கில்லாதவன் என்று ஒதுக்கினான். சிக்கனம் என்று காரணம் சொல்லி 1920-களில் சென்னைக் காலாட்படைகளைக் கலைத்தான். இரண்டாம் உலக யுத்தம் வந்து கழுத்தைப் பிடித்ததும் என்ன செய்தான்? லாயக்கில்லாத அதே தென்னாட்டானை மறுபடியும் கூப்பிட்டான். தேவை வந்தபோது வீர ஜாதித் தத்துவம் எங்கே ஓடிற்று?

அந்த யுத்தத்தில், 1944 பிப்ரவரி 24-ஆம் தேதி, இத்தாலி தேசத்து மின்யானோ என்னும் இடத்தில், சென்னை சாப்பர் படையைச் சேர்ந்த சுப்பிரமணியன் என்ற தமிழர், வெடிக்கப்போகும் கண்ணிவெடியின்மேல் தாமே விழுந்து, பக்கத்திலிருந்தவர்களைக் காப்பாற்றிச் செத்தார். அவருக்கு ஜார்ஜ் சிலுவைப் பதக்கம் கொடுத்தார்கள். வீரம் எந்த ஜாதியின் கர்ப்பத்தில் உற்பத்தியாகிறது என்று இனியும் யாராவது விவாதிக்க வேண்டுமா?

நிற்க. முதல் யுத்தத்தில் இந்தியச் சிப்பாய்கள் ஏராளமாக மாண்ட இடம் மெசபடோமியா, அதாவது இன்றைய இராக். அங்கே பாஸ்ரா நகரில் 1929-இல் ஞாபகச் சின்னம் திறந்தார்கள். வெள்ளைக்காரனானால் சாதாரணச் சிப்பாயின் பெயரையும் அதில் வெட்டினார்கள். இந்தியரில் அதிகாரிகளுக்குப் பெயர். சாதாரணச் சிப்பாய்களுக்கோ, இன்ன படையில் இத்தனை பேர் என்ற எண்ணிக்கை. ஆனால் பிரான்சு தேசத்தில், நொவ் ஷாப்பெல் என்ற இடத்தில், 1927-இல் திறந்த சின்னத்தில் 4,700-க்கு மேற்பட்ட இந்தியரின் பெயர்களை வெட்டியிருக்கிறார்கள். ஆகவே பெயர் வெட்டத் தெரியாமல் விட்டதாகச் சொல்ல வழியில்லை. ஐரோப்பியன் கண்ணில் படுகிற இடத்தில் பெயர். படாத இடத்தில் எண்.

இதே யுத்தத்தில் இதே ராஜாவுக்காகக் கனடா தேசத்துச் சிப்பாய்களும் செத்தார்கள். அந்தத் தேசத்தார் ஒட்டாவா நகரத்துப் பார்லிமெண்டுக் கட்டடத்தில் பெரிய புத்தகங்கள் வைத்திருக்கிறார்கள். முதல் யுத்தத்துக்கான புத்தகத்தில் மட்டும் 66,000-க்கு மேற்பட்ட பெயர்கள் உண்டு. தினம் காலை 11 மணிக்கு ஒரு பக்கம் திருப்புகிறார்கள். கலப்பை பிடித்தவனாக இருந்தாலும், மரம் வெட்டியவனாக இருந்தாலும், வருஷத்தில் ஒரு நாளாவது அவன் பெயர் வெளிச்சம் பார்க்கிறது. அந்தப் பெயர்களுக்கு இருந்த யோக்கியதை நம்மவன் பெயருக்கு ஏன் இல்லை?

யுத்தக் கல்லறைகளைப் பராமரிக்கும் காமன்வெல்த் கமிஷனே 2021-இல் விசாரித்து, இந்தியரும் ஆப்பிரிக்கருமாக லட்சத்துக்கு மேற்பட்டவர்கள் பெயரின்றியோ, சின்னமே இன்றியோ விடப்பட்டார்கள் என்று ஒப்புக்கொண்டு மன்னிப்புக் கேட்டது. நூறு வருஷம் கழித்து வந்த மன்னிப்பை எந்தத் தாயிடம் கொடுப்பது?

வெள்ளைக்காரனை மட்டும் குற்றம் சொல்லிவிட்டு நாம் தப்பித்துக்கொள்ளலாமா? சேலம் ஜில்லாவிலிருந்து 1965-இல் பிரிந்த தர்மபுரிப் பக்கத்திலும், அதை அடுத்த செங்கம் பக்கத்திலும் ஆயிரம், ஆயிரத்தைந்நூறு வருஷத்து நடுகற்கள் கிடக்கின்றன. மாடு மீட்கப்போய்ச் செத்தவன் பெயரும், செத்த விதமும் அவற்றில் உண்டு. எடுத்தனூரில் திருடர்களைக் கடித்த ஒரு நாய்க்குக்கூட, கோவிவன் என்று பெயர் வெட்டி வைத்திருக்கிறார்கள். ஆயிரம் வருஷத்துக்கு முன் நாய்க்குக் கிடைத்த பெயர், உலகத்தையே ஆண்டதாகச் சொல்லிக்கொண்ட சர்க்காரிடம் சிப்பாய்க்குக் கிடைக்கவில்லை!

ஆனால் அந்த நடுகற்களை நாம் என்ன செய்தோம்? எண்ணெய் பூசி, மஞ்சள் தடவி, வேடியப்பன் என்று சாமியாக்கினோம். எழுத்து மறைந்தது, மனிதன் மறைந்தான், பொங்கலும் கிடாவெட்டும் மிஞ்சின. வெள்ளைக்காரன் மனிதனை எண்ணாக்கினான். நாம் அவனைச் சாமியாக்கினோம். இரண்டிலும் காணாமற்போனது மனிதன்தான்.

இன்று டில்லியில் 2019-இல் திறந்த தேசிய யுத்த நினைவிடத்தில், சுதந்திரத்துக்குப் பின் மாண்ட 25,000-க்கு மேற்பட்டவர்களின் பெயர்களை வெட்டியிருக்கிறார்கள். இது நியாயமான காரியம். அதற்கு முன் செத்தவர்களின் ஊர்க் கல்லில் மட்டும் எண்ணே இருக்கிறது.

ஆகவே தோழர்களே, சர்க்கார் செய்யட்டும் என்று காத்திராதீர்கள். பழைய பென்ஷன் காகிதம், பதக்கம், கடிதம் எந்த வீட்டுப் பரணில் இருக்கிறது என்று விசாரியுங்கள். கிழவர் கிழவிகளைக் கேளுங்கள். அவர்களும் போய்விட்டால் கேட்க ஆளில்லை. கிடைத்த பெயரை ஊர் வாசகசாலையில் எழுதி மாட்டுங்கள். பெயருக்குப் பின்னால் ஜாதி வாலை ஒட்டாதீர்கள். குண்டு அவனை ஜாதி கேட்டுத் துளைக்கவில்லை. வீர சொர்க்கம் போனான் என்று எழுதாதீர்கள்; எங்கே, எந்த வருஷம், யாருக்காக, எவ்வளவு சம்பளத்துக்குச் செத்தான் என்று எழுதுங்கள். அதைப் படிக்கிற பிள்ளை, அடுத்த யுத்தம் வரும்போது, இது யாருக்காக என்று ஒரு கேள்வியாவது கேட்பான். செத்தவனுக்கு நாம் செய்யக்கூடிய மரியாதை இதுதான் என்பது நமது அபிப்பிராயம்.