கைரேகையும் அரைநாட் கூலியும்

ரேஷன் கடையில் விரல் வைத்து அரிசி வாங்கும் முறை தமிழ்நாட்டில் 2020 அக்டோபரில் நடைமுறைக்கு வந்தது. கள்ளக்கணக்கு எழுதி அரிசி கடத்துவோரை அடக்க வேண்டுமென்பதில் நமக்கு ஆக்ஷேபமில்லை. ஆனால், அந்த மென்பொருளை வகுத்தவர்கள் யாருடைய விரலை மனத்தில் வைத்து வகுத்தார்கள் என்று கேட்க ஜனங்களுக்குப் பாத்தியதை உண்டு.

குமாஸ்தாவின் விரல் வேறு, கூலிக்காரரின் விரல் வேறு. காசிமேட்டில் விடியுமுன் பனிக்கட்டியிலும் உப்பிலும் கை நனைத்து மீன் தரம் பிரிக்கும் ஸ்திரீகளுக்கும், எண்ணூர்க் கழிமுகத்துச் சேற்றில் தடவி இறால் பிடிப்போருக்கும், திருவொற்றியூர்ப் பட்டறைகளில் இரும்போடு மல்லாடுவோருக்கும் ரேகை தேய்ந்துபோகிறது. உழைப்பு ரேகையை அழிக்கிறது; ரேகை அழிந்தவரை இயந்திரம் 'நீ அந்த ஆள் அல்ல' என்று திருப்பியனுப்புகிறது.

இது அபூர்வமான பிசகு அன்று. ஆதார் ஆணையமே 2018 மார்ச்சில் சுப்ரீம் கோர்ட்டில் தெரிவித்தபடி, சர்க்கார் சேவைகளில் சரிபார்ப்பு நூற்றுக்கு 88 தான் தேறியது. பாங்குகளில் 95 தேறியது. பாங்கிக்காரர் வாடிக்கைக்காரரை இழக்கச் சம்மதியார். ரேஷன் அட்டைக்காரருக்கோ போக வேறிடமில்லை. வித்தியாசத்துக்கு வேறு காரணங்களும் இருக்கலாம். இதுவும் ஒன்று என்பது நமது அபிப்பிராயம்.

சட்டம் ஏழைகளின் பக்கமே நிற்கிறது. சரிபார்ப்புத் தவறியதற்காகத் தகுதியுள்ள எவருக்கும் பயன் மறுக்கப்படாதென்று அட்டர்னி ஜெனரல் அளித்த வாக்கை, 2018 செப்டம்பர் 26-ந் தேதித் தீர்ப்பில் சுப்ரீம் கோர்ட் பதிவு செய்திருக்கிறது. ஆனால் விற்பனையாளர் தீர்ப்பைப் படிப்பதில்லை, திரையைப் பார்க்கிறார். சட்டம் தந்த விலக்கு திரையில் சுலபமாக எட்டவில்லையானால் அது இல்லாததற்குச் சமானமே. கைபேசிக்கு எண் அனுப்பும் மாற்றுவழி உண்டென்பார்கள். குடும்பத்தின் ஒரே கைபேசி புருஷனோடு கடலில் இருக்கையில் அந்த எண் யாருக்கு உதவும்?

'நாளைக்கு வாம்மா' என்ற சொல்லின் விலை அரைநாட் கூலி. கடத்தலைத் தடுத்து மிச்சமான தொகையைச் சர்க்கார் கணக்கிடுகிறது. இந்தக் கூலி எந்தப் பேரேட்டிலும் ஏறுவதில்லை. மென்பொருளின் பிழைக்கு யாரேனும் விலை கொடுத்தே தீரவேண்டும். அதைக் கொடுக்கச் சக்தியற்றவர் தலையில் கட்டியது விதியன்று, வகுத்தவர்களின் முடிவு, ஆகவே மாற்றக்கூடியது.

விரல் இருமுறை தவறினால், அட்டையைப் பார்த்தே அரிசி அளக்க விற்பனையாளருக்குத் திரையிலேயே அதிகாரம் தரவேண்டும். தவறியவற்றின் எண்ணிக்கையை மாதந்தோறும் கடைவாசலில் ஒட்டவேண்டும். மென்பொருளைத் திருத்தும் எஞ்சினீயர்கள் அதற்குமுன் ராயபுரத்துக் கடையொன்றின் வரிசையில் ஒரு பகல் நின்று பார்க்கட்டும். வடசென்னையின் சட்டசபை அங்கத்தினர்கள் இம்மூன்றையும் அடுத்த கூட்டத்திலேயே கேட்கவேண்டும்.