எழுதிய வரிசையும் தெரிகிற வரிசையும்

கிளவுட் சர்வர் என்று நாம் வாடகைக்கு எடுப்பது பெரும்பாலும் ஒரு வர்ச்சுவல் மெஷின்தான். அதற்குள் தெரியும் நெட்வொர்க் கார்டு நிஜமானதல்ல. அப்படி ஒன்று இருப்பதாக ஹோஸ்ட் காட்டுகிறது. உள்ளே இருக்கும் கெஸ்ட்டும் வெளியே இருக்கும் ஹோஸ்ட்டும் பொதுவான ஒரு மெமரிப் பகுதி வழியாக பாக்கெட்டுகளைக் கைமாற்றிக்கொள்கின்றன. டிரைவர் எழுத வருகிற இளைஞர்கள் அதிகம் தடுமாறுவது இந்தக் கைமாற்றத்தில்தான்.

முன்பு, வர்ச்சுவல் மெஷின்களை ஓட்டும் ஒவ்வொரு ஹைப்பர்வைசருக்கும் தனித்தனி டிரைவர் எழுதிக்கொண்டிருந்தார்கள். ஆஸ்திரேலியரான ரஸ்டி ரஸ்ஸல் வடிவமைத்த விர்ட்-ஐஓ அதற்கு ஒரு பொது வழி காட்டியது. 2008 ஜனவரியில் வந்த லினக்ஸ் 2.6.24-இல் அது சேர்ந்தது. அதன் அமைப்பு அழகானது. ஒரு பஃபரின் முகவரி, நீளம் முதலியவற்றைச் சொல்லும் டிஸ்கிரிப்டருக்கு 16 பைட். தயாரான டிஸ்கிரிப்டரின் எண்ணை கெஸ்ட் ஒரு வளையத்தில் போடும். வேலை முடிந்ததை ஹோஸ்ட் இன்னொரு வளையத்தில் போடும். எதுவரை போட்டாயிற்று என்று சொல்ல ஒவ்வொரு வளையத்துக்கும் 16 பிட் இண்டெக்ஸ் ஒன்று. லாக் கிடையாது, தேவையும் இல்லை: ஒவ்வொரு இண்டெக்ஸையும் எழுதுகிறவர் ஒருவர் மட்டுமே.

லாக் இல்லாததால் முழுப் பொறுப்பும் வரிசையின் மேல் விழுகிறது. டிஸ்கிரிப்டரை எழுதிவிட்டு இண்டெக்ஸை ஏற்றுகிறோம். ஆர்ம் ப்ராசஸரில் மற்ற கோருக்கு இது தலைகீழாகத் தெரியலாம். இலை போடுமுன் பந்திக்கு அழைத்த கதையாக, ஹோஸ்ட் வந்து பார்க்கும்போது அங்கே பழைய முகவரிதான் இருக்கும். அதனால் இரண்டு எழுத்துக்கும் நடுவே, வரிசை மாறாமல் தடுக்கும் ஒரு ரைட் பேரியர் வேண்டும். ஹோஸ்ட் பக்கம் இண்டெக்ஸைப் படித்த பிறகு ஒரு ரீட் பேரியர் வேண்டும். எக்ஸ்86-இல் சாதாரண எழுத்துகள் எழுதிய வரிசையிலேயே மற்ற கோர்களுக்குத் தெரியும் என்பதால் பேரியரை மறந்த தவறு அங்கே ஒளிந்துகொள்ளும்.

எக்ஸ்86-ஐயும் விடாத தவறு ஒன்று உண்டு. ஹோஸ்ட்டைத் தட்டி எழுப்புவது செலவு பிடித்த வேலை. அதற்கு கெஸ்ட்டை விட்டு வெளியேற வேண்டும். அதனால் விழித்திருக்கும் ஹோஸ்ட், 'இப்போது தட்டாதே' என்று ஒரு ஃப்ளாகை வைத்திருக்கும். தூங்கப்போகுமுன் அதை எடுத்துவிட்டு, புதிதாக ஏதும் வந்ததா என்று இண்டெக்ஸை மறுபடி பார்க்கும். அதே நொடியில் கெஸ்ட் இண்டெக்ஸை ஏற்றிவிட்டு ஃப்ளாகைப் பார்க்கிறது. இருவர் எழுதியதும் அவரவர் கோரின் ஸ்டோர் பஃபரிலேயே காத்திருக்க, படிப்பு முந்திக்கொண்டால் இருவருக்கும் பழைய மதிப்பே கிடைக்கும். ஹோஸ்ட் விழித்திருக்கிறது என்று கெஸ்ட் நம்பிவிடும். வேலை எதுவும் இல்லை என்று ஹோஸ்ட் தூங்கிவிடும். பாக்கெட் வளையத்தில் கிடக்கும். லாக் ஃபைலில் எந்தப் பிழையும் பதிவாகியிருக்காது. கெஸ்ட்டுக்குள் டிசிபிடம்ப் ஓடவிட்டால் பாக்கெட் போய்விட்டதாகவே காட்டும். இதைத் தடுக்க இரண்டு பக்கமும் முழு பேரியர் வேண்டும். ஒரு பக்கம் மட்டும் போட்டால் பயனே இல்லை.

கெஸ்ட்டுக்கு ஒரே ஒரு சிபியூ கொடுத்து, ஒற்றை ப்ராசஸருக்கான கெர்னலை ஏற்றினால் இன்னொரு சிக்கல். பல ப்ராசஸர்களுக்கான லினக்ஸின் எஸ்எம்பி பேரியர்கள் அங்கே கம்பைலருக்கான குறிப்பாகச் சுருங்கிவிடும். ப்ராசஸருக்கு எந்தக் கட்டளையும் போகாது. தான் தனி ஆள் என்று கெஸ்ட் நினைக்கிறது, ஆனால் ஹோஸ்ட்டின் த்ரெட் வேறு கோரில் ஓடுகிறது. எல்லா இடத்திலும் கனமான பேரியர் போட்டுச் சமாளிக்கலாம், வேகம் குறையும். மைக்கேல் சிர்கின் இதற்கென்றே எழுதிய 'விர்ட்' பேரியர்கள் 2016-இல் லினக்ஸ் 4.5-இல் வந்தன. எந்தக் கெர்னலிலும் அவை மறையாது. கெஸ்ட் டிரைவர் எழுதுகிறவர்கள் இவற்றைத்தான் பயன்படுத்த வேண்டும்.

டெஸ்டிங்கை நம்பி இந்தத் துறையில் பிழைக்க முடியாது என்பது என் உறுதியான எண்ணம். லட்சம் முறை சரியாக ஓடியது என்பது இங்கே சான்றாகாது. அடுத்த முறை ஸ்டோர் பஃபர் எப்போது காலியாகும் என்று யாராலும் சொல்ல முடியாது. கோட் வரிகளைப் படித்துத்தான் பிழையைக் கண்டுபிடிக்க வேண்டும், படிக்கிறவருக்கு எதிர்ப்பக்கமும் தெரிய வேண்டும். கமென்ட் இல்லாத பேரியரைக் கண்டால் லினக்ஸின் செக்பேட்ச் எச்சரிக்கிறது. அதைப் புறக்கணிக்காதீர்கள். இந்த பேரியருக்கு ஜோடி எந்த ஃபைலில், எந்த ஃபங்ஷனில் இருக்கிறது என்று அதன் மேலேயே ஒரு வரி எழுதிவையுங்கள். அந்த ஜோடியைக் காட்ட முடியாத பேட்ச் உங்களிடம் ரிவ்யூவுக்கு வந்தால், எழுதியவர் எவ்வளவு பெரிய ஆளாக இருந்தாலும் திருப்பி அனுப்புங்கள்.