ரத்தத்தில் வந்ததில்லை

கறுப்பர் மேடையேறிக் கிட்டார் நன்றாக வாசித்தால், "அது அவங்க ரத்தத்துலேயே இருக்கு" என்கிறார்கள். இது பாராட்டா? உழைப்பைக் களவாடுகிற பேச்சு.

சிஸ்டர் ரொசெட்டா தார்ப் சிறுபிள்ளையிலேயே தாயோடு சபை சபையாகப் போய் வாசித்துப் பழகியவர். 1964இல் மான்செஸ்டரில், மூடிக்கிடந்த ரயில் நிலையத்தின் பிளாட்பாரம்தான் மேடை. மழை ஈரத்தில் எலெக்ட்ரிக் கிட்டாரை மாட்டிக்கொண்டு நின்றார். வாய் பாடுகிறது, கம்பி பதில் சொல்கிறது. சும்மா வருமா இது? அவரை "ஆம்பள மாதிரி வாசிக்கிறா" என்றுதான் மெச்சினார்கள். ராஜா பட்டமோ வெள்ளைக்கார எல்விஸுக்குப் போச்சு. 1973இல் இறந்தவரை ராக் அண்ட் ரோல் புகழ்மன்றம் சேர்த்துக்கொண்டது 2018இல்!

இங்கே பறையடிக்கிறவனிடமும் மேல்சாதிக்காரன் இதே ரத்தக் கதையைத்தான் அளக்கிறான். சாதியை ரத்தத்தில் வைத்தவன் வித்தையையும் அங்கேதான் வைப்பான். வித்தை இருப்பது காய்ப்பேறிய விரலில்.